நடைபாதைக் கணக்கு: 18-உம் பிளஸ்தானே, அதை ஏன் விடணும்?

முதல்பெஞ்ச்_பி_பிரிவு

24 மீ நீளம், 16 மீ அகலம் உள்ள செவ்வகத் தோட்டம். அதன் உள்பக்கமா நாலு ஓரத்திலும் ஒரே அகலத்தில் நடைபாதை போடுறாங்க. நடுவில் மிஞ்சும் புல்தரை 240 ச.மீ. பாதையின் அகலம் என்ன?

அகலம் = அ என்று வைத்துப் போட்டேன்.

(24 − 2அ)(16 − 2அ) = 240
384 − 80அ + 4அ² = 240
4அ² − 80அ + 144 = 0
அ² − 20அ + 36 = 0
(அ − 2)(அ − 18) = 0
அ = 2 அல்லது அ = 18

விடைப்பகுதியில் 2 மட்டும்தான் இருக்கு. நீளம் மைனஸில் வராது, அதனால மைனஸ் விடையை விட்டுடணும்னு தெரியும். இங்கே ரெண்டுமே பிளஸ். 18-ஐ முதல் வரியில் போட்டாலும் 240 சரியா வருது. அப்புறம் அது எப்படித் தப்பு?

அரைகுறை

தம்பி, 18 மீட்டர் நடைபாதை யாராவது போடுவாங்களா? பஸ் ரெண்டு ஓட்டலாம். ரொம்பப் பெரிசு, அதனால விட்டுடணும். அவ்வளவுதான்.

கர்ணம்

பெரிசு என்பது காரணம் இல்லை. தோட்டம் 240 மீ நீளமும் 160 மீ அகலமுமாக இருந்தால் 18 மீ பாதை தாராளமாகப் போடலாம். இந்தத் தோட்டத்தில் 9 மீ கூட ஆகாது. எல்லை எங்கே என்று பாருங்கள்.

18-ஐ அடைப்புக்குறிக்குள் தனித்தனியாகப் போடுங்கள்: 24 − 36 = −12, 16 − 36 = −20. புல்தரையின் நீளம் −12, அகலம் −20. இரண்டும் மைனஸ், பெருக்கினால் 240. மைனஸ் விடை வரத்தான் வந்தது. இரண்டு மைனஸ் சேர்ந்து பிளஸ் ஆனதால் உங்கள் கண்ணில் படவில்லை.

அதனால் சமன்பாடு எழுதுவதற்கு முன்பே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். 16 மீ அகலத்தில் இரு பக்கமும் பாதை வருகிறது, நடுவில் புல் மிஞ்ச வேண்டும். ஆகவே 0 < அ < 8. இந்த வரி தாளில் இருந்தால் 18 வந்தவுடன் கை தானாக அதை அடித்துவிடும். மைனஸா பிளஸா என்று யோசிக்கவே வேண்டாம்.

முதல்பெஞ்ச்_பி_பிரிவு

புரியுது சார். ஆனா 18 என்ற எண் சும்மா எங்கிருந்தோ வந்ததா? படத்தில் அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாதா?

(அரைகுறை அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி.)

கர்ணம்

நல்ல கேள்வி. 2 போட்டால் புல்தரை 20 × 12. 18 போட்டால் (−12) × (−20). எண்கள் அதே எண்கள், இடம் மாறி, குறி மாறி நிற்கின்றன. தற்செயல் இல்லை. மூலங்களின், அதாவது சமன்பாட்டின் இரண்டு விடைகளின், கூடுதல் 20; அது (24 + 16)/2. அ-க்குப் பதில் 20 − அ போட்டுப் பாருங்கள்: 24 − 2(20 − அ) = −(16 − 2அ). நீளம் இருந்த இடத்தில் அகலம், மைனஸோடு. இன்னொன்றும் அப்படியே.

அப்படியானால் உள்பக்கப் பாதைக் கணக்கில் சிறிய மூலம் 8-க்குள் இருந்தால் பெரிய மூலம் 12-ஐத் தாண்டித்தான் இருக்கும். இந்த வகையில் இரண்டாவது மூலம் என்றைக்கும் தேறாது.

பாதையை வெளிப்பக்கம் போட்டுப் பாருங்கள். பாதையும் சேர்த்து 560 ச.மீ என்றால் (24 + 2அ)(16 + 2அ) = 560, சுருக்கினால் அ² + 20அ − 44 = 0, மூலங்கள் 2, −22. இங்கே தேறாத மூலம் மைனஸாக வருகிறது. மாணவர்கள் முதலில் போடும் கணக்குகள் பெரும்பாலும் இந்த வகை. "மைனஸை விடு" என்ற பழக்கம் இங்கிருந்து ஒட்டிக்கொள்வதுதான். உள்பக்கம் திரும்பியதும் அது காலை வாருகிறது.

டியூஷன்_டீச்சர்

பாதைக் கணக்கில் நிஜமாகவே மதிப்பெண் போகும் இடம் வேறு. விடைத்தாளில் அதிகம் பார்க்கும் தவறு, 2அ-க்குப் பதில் அ கழிப்பது.

(24 − அ)(16 − அ) = 240
அ² − 40அ + 144 = 0
(அ − 4)(அ − 36) = 0

அழகாகக் காரணி பிரிகிறது! 36-ஐ விட்டுவிட்டு 4 மீ என்று எழுதி, கட்டம் போட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். விடை முழு எண்ணாக வந்தால் கணக்கு சரி என்ற நம்பிக்கை பிள்ளைகளிடம் வேரோடிப் போயிருக்கிறது. சரிபார்க்கும்போதும் இதே தப்புச் சமன்பாட்டில்தான் 4-ஐப் போடுவார்கள், 20 × 12 = 240 என்று சரியாக வந்துவிடும். கேள்வியில் உள்ள தோட்டத்தை வரைந்து, இடது ஓரம் 4, வலது ஓரம் 4 என்று குறித்தால்தான் நடுவில் 16 × 8 = 128 தான் மிஞ்சுகிறது என்று தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தப்புச் சமன்பாடு இன்னொரு கணக்குக்கு மிகச் சரியான சமன்பாடு. தோட்டத்தின் நடுவே நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என இரண்டு பாதைகள் வெட்டிக்கொண்டு போனால் மிஞ்சுவது (24 − அ)(16 − அ). அதற்கு விடை 4 மீ. ஆகவே "சுற்றிலும்", "குறுக்கே" என்ற சொற்களை அடிக்கோடிட்டு விட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

அளவுநாடா

மூலைச் சங்கதியை யாரும் சொல்லவில்லையே. சிலர் பாதையின் பரப்பை நேராகப் போடுவார்கள். 384 − 240 = 144 பாதையின் பரப்பு. நீளப் பட்டைகள் இரண்டு, அகலப் பட்டைகள் இரண்டு, 2×24அ + 2×16அ = 80அ = 144, அ = 1.8. இருபடியே வரவில்லை, கணக்கு சுலபம் என்று சந்தோஷம்.

நான்கு மூலைச் சதுரங்களும் நீளப் பட்டையில் ஒருமுறை, அகலப் பட்டையில் ஒருமுறை என்று இருமுறை எண்ணப்பட்டுவிட்டன. ஒவ்வொன்றும் அ². கழித்தால் 80அ − 4அ² = 144. அ = 2 போட்டால் 160 − 16 = 144, சரி. இந்தக் கணக்கில் அ² பிறப்பதே அந்த நாலு மூலையில்தான். பாதைக் கணக்கில் இருபடி வரவில்லை என்றால் மூலையை மறந்திருக்கிறீர்கள்.

சாவகச்சேரியான்

இரண்டு விடையும் சரியாக வாற கணக்குகளும் இருக்குது. அதையும் பிள்ளை தெரிஞ்சிருக்க வேணும்.

60 மீற்றர் வேலி இருக்குது. ஒரு பக்கம் மதில். மற்ற மூன்று பக்கமும் வேலி அடைச்சு 400 சதுர மீற்றர் காணி எடுக்க வேணும். மதிலுக்குச் செங்குத்தான பக்கம் அ எண்டால் மதிலுக்குச் சமாந்தரமான பக்கம் 60 − 2அ.

அ(60 − 2அ) = 400
அ² − 30அ + 200 = 0
அ = 10 அல்லது 20

அ = 10 எண்டால் 10 × 40. அ = 20 எண்டால் 20 × 20. இரண்டும் வேறு வேறு காணி, இரண்டும் சரி. ஒன்றை எழுதி நிப்பாட்டினால் பாதி விடைதான்.

இப்ப "மதிலின் நீளம் 30 மீற்றர்" எண்டு கேள்வியில் ஒரு வரி சேருங்கோ. 40 மீற்றர் பக்கத்துக்கு மதில் போதாது. 20 × 20 மட்டும் மிஞ்சும். அந்த வரி சமன்பாட்டுக்குள்ள எங்கேயும் வராது, விடை எடுத்த பிறகுதான் வேலை செய்யும். கேள்வியில் பாவிக்காமல் மிஞ்சி நிற்கிற எண் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இதுக்குத்தான்.

முதல்பெஞ்ச்_பி_பிரிவு

இது சூப்பர். அப்போ மதில் இல்லாம நாலு பக்கமும் வேலி போட்டா?

சாவகச்சேரியான்

நீளமும் அகலமும் சேர்ந்து 30. அ(30 − அ) = 200 எண்டால் மூலங்கள் 10, 20. ஆனால் இங்கே 10 × 20, 20 × 10 இரண்டும் ஒரே காணிதான், திருப்பிப் பிடிச்சது மட்டும். ஆகவே விடை ஒன்று. அதே இரண்டு மூலம், கதை வேறு.

கேள்வி 240 சதுர மீற்றர் கேட்டால் தன்மைக்காட்டி (இருபடிச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள்ள வாற b² − 4ac) 900 − 960 = −60. அப்பிடி ஒரு காணி இல்லை. 60 மீற்றர் வேலிக்கு ஆகக் கூடினது 15 × 15 = 225. மதில் இருந்தால் 15 × 30 = 450 வரை போகலாம். தன்மைக்காட்டி மைனஸ் எண்டதும் எங்கேயோ பிழை விட்டிட்டன் எண்டு பதறாமல், ஒருக்கால் சரிபார்த்திட்டு "இயலாது" எண்டு எழுதுங்கோ. அதுவும் விடைதான்.

கர்ணம்

பாதைக் கணக்குக்கு அடுத்தபடி அதிகம் கேட்கப்படுவது செங்கோண முக்கோணம். எதை அ என்று வைப்பது என்பதில்தான் வேலையின் பாதி.

17 மீ விட்டமுள்ள வட்டப் பூங்கா. விட்டத்தின் இரு முனையிலும் வாசல். வட்டத்தின் மேல் ஒரு கம்பம் நட வேண்டும். இரண்டு வாசலிலிருந்தும் அதற்குள்ள தூரங்களின் வித்தியாசம் 7 மீ. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம், ஆகவே விட்டம்தான் கர்ணம். குறைந்த தூரம் அ என்றால்:

அ² + (அ + 7)² = 289
2அ² + 14அ − 240 = 0
அ² + 7அ − 120 = 0
(அ − 8)(அ + 15) = 0

அ = 8, மற்றது 15. அந்த −15-ஐப் பாருங்கள், மற்ற பக்கம்தான் குறி மாறி வந்து நிற்கிறது. அதிக தூரத்தை அ என்று வைத்திருந்தால் 15, −8 என்று வந்திருக்கும். விடை எடுத்ததும் இந்த ஒப்பீடு இலவசச் சரிபார்ப்பு.

(அ + 7)²-ஐ அ² + 49 என்று விரிப்பது இங்கே நிரந்தர ஆபத்து. 14அ காணாமல் போனால் 2அ² = 240, அ² = 120, மூலம் முழு எண்ணாக வராது. அப்படி வராத அன்றைக்கு அதிர்ஷ்டம்: தவறு தானே காட்டிக்கொடுக்கிறது.

கூடுதல் கொடுத்திருந்தால் இருபடியைப் பிரிக்கவே வேண்டாம். சுற்றளவு 60, கர்ணம் 25 என்ற முக்கோணம்: மற்ற இரு பக்கங்களின் கூடுதல் 35, பெருக்கற்பலன் (35² − 25²)/2 = 300. கூடுதலில் பாதி 17.5. அதன் வர்க்கம் 306.25. 300-ஐக் கழித்தால் 6.25, வர்க்கமூலம் 2.5. பக்கங்கள் 17.5 + 2.5 = 20, 17.5 − 2.5 = 15. பாபிலோன் களிமண் பலகைகளில் இருப்பது இந்தப் பாதிக் கணக்குதான். சூத்திரத்தில் போட்டாலும் உள்ளே நடப்பது இதேதான்.

அரைகுறை

எல்லா முக்கோணமும் இருபடியா? பாஸ்கராச்சாரியாரின் மயில் பாம்புக் கணக்கும் இருபடிதானே?

கர்ணம்

இல்லை, அதுதான் அதன் ருசி. அவருடைய லீலாவதி என்ற கணித நூலில் (1150) வருவது: 9 முழத் தூணின் உச்சியில் மயில், தூணின் அடியில் பாம்புப் புற்று. 27 முழம் தள்ளி ஒரு பாம்பு புற்றை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது, இருவரும் சம தூரம் கடந்து சந்திக்கிறார்கள். புற்றிலிருந்து சந்திக்கும் இடம் அ என்றால் இருவரும் கடந்தது 27 − அ.

(27 − அ)² = அ² + 81
729 − 54அ = 81
அ = 12

அ² இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது. இரு பக்கத்திலும் ஒற்றை அ² இருந்தால் சூத்திரத்துக்கு ஓடும் முன் கழித்துப் பாருங்கள்.

டியூஷன்_டீச்சர்

காரணி தேடுவது பற்றி ஒரு வார்த்தை. பொதுத்தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. பெருக்கினால் −2400, கூட்டினால் 20 வரும் இரண்டு எண் என்று ஐந்து நிமிடம் தேடுகிற பிள்ளைகள் உண்டு.

கணக்கு: ஒரு கிரவுண்ட் மனை, 2400 சதுர அடி. நீளம் அகலத்தைவிட 20 அடி அதிகம். அ² + 20அ − 2400 = 0. முதலில் தன்மைக்காட்டி: 400 + 9600 = 10000. வர்க்கமூலம் 100. (−20 + 100)/2 = 40. முடிந்தது. 40 × 60. தன்மைக்காட்டி முழு வர்க்கமாக வந்தால் காரணி உண்டு என்றும் தெரிந்துவிடுகிறது, விடையும் கையில் வந்துவிடுகிறது. வராவிட்டால் காரணி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. அ-இன் கெழு மைனஸாக இருந்தால் சூத்திரத்தின் முதல் உறுப்பு பிளஸ் ஆகும். −(−20) என்று அடைப்புக்குறியோடு எழுதுங்கள். பின்னக் கோடு வர்க்கமூலத்தின் கீழ் மட்டும் அல்ல, முழு மேல்பகுதியின் கீழும் போக வேண்டும். 20 ± 16/2 என்று எழுதி 28, 12 எடுத்தவர்கள் ஏராளம். அதே நடைபாதைக் கணக்குதான், வர வேண்டியது 18, 2.

அளவுநாடா

மனை என்றதும் நான் வந்துவிட்டேன். கிரவுண்ட் கணக்கு அழகாக வரும், சென்ட் கணக்கு வராது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 3 சென்ட் 1306.8. நீளம் அகலத்தைவிட 10 அடி அதிகம் என்றால்:

அ² + 10அ = 1306.8

இதற்கு வர்க்கப் பூர்த்திதான் சுருக்கம். 10-இல் பாதி 5, அதன் வர்க்கம் 25, இரு பக்கமும் கூட்டு: (அ + 5)² = 1331.8. 36.5-இன் வர்க்கம் 1332.25, கொஞ்சம் அதிகம். ஆகவே அ + 5 ≈ 36.494, அ ≈ 31.494 அடி.

அந்த 25 எங்கிருந்து வருகிறது என்று படமாகவே பார்க்கலாம். அ பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். 10அ என்ற செவ்வகத்தை 5 அகலமுள்ள இரண்டு பட்டைகளாக்கி, ஒன்றை வலது பக்கமும் ஒன்றைக் கீழேயும் ஒட்டுங்கள். மூலையில் 5 × 5 பள்ளம் இருக்கும். அதை நிரப்பினால் பெரிய சதுரம். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி அ² + 10அ = 39 என்ற சமன்பாட்டுக்கு இப்படித்தான் படம் போட்டார்; 39 + 25 = 64, 8 − 5 = 3. நம் 3 சென்ட் மனைக்கும் அதே 10, அதே 25.

இப்போது வேலையிடத்துச் சிக்கல். 31.494 அடி என்பது 31 அடி 49 அங்குலம் அல்ல, 31 அடி 5 அங்குலமும் அல்ல. 0.494 × 12 = 5.93, ஆகவே 31 அடி 6 அங்குலம். கட்டட வேலையில் 31 அடி 6 அங்குலத்தை 31.6 என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்தத் தாளை எடுத்து அப்படியே சமன்பாட்டில் 31.6 என்று போட்டால் பரப்பு தப்பு. போட வேண்டியது 31.5.

சாவகச்சேரியான்

எங்கட இலங்கைச் சாதாரண தரப் பரீட்சையிலும் (O/L) முழு எண் வராத கேள்விதான் கூட. வர்க்கமூலத்தின்ர பெறுமானத்தை அவையளே தருவினம், முதலாம் தசமதானத்துக்கு விடை கேட்பினம். கடைசி வரியில் மட்டும் மட்டந்தட்டுங்கோ, அதாவது தசமத்தை முழுமையாக்குங்கோ. நடுவில மட்டந்தட்டினால் விடை நழுவும்.

அளவுநாடா

முதல்பெஞ்ச், உங்களுக்கு ஒரு கணக்கு. 40 × 60 அடி மனை. நான்கு பக்கமும் சம அளவு இடம் விட்டு நடுவில் வீடு. மனையில் குறைந்தது பாதி காலியாக இருக்க வேண்டும். எத்தனை அடி விட வேண்டும்? அடி, அங்குலத்தில் சொல்லுங்கள்.

முதல்பெஞ்ச்_பி_பிரிவு

சுற்றிலும், உள்பக்கம். ஆகவே 2அ. எல்லை 0 < அ < 20.

(60 − 2அ)(40 − 2அ) = 1200
4-ஆல் வகுத்தால் (30 − அ)(20 − அ) = 300
அ² − 50அ + 300 = 0
தன்மைக்காட்டி 2500 − 1200 = 1300. முழு வர்க்கம் இல்லை, அதனால காரணி தேடலை.
√1300 ≈ 36.056
அ = (50 − 36.056)/2 = 6.972. இன்னொண்ணு 43.03, எல்லையைத் தாண்டுது.
0.972 × 12 = 11.66. கூடுதல் அங்குலம் எல்லாம் விட்டுட்டு 6 அடி 11 அங்குலம்.

டியூஷன்_டீச்சர்

சமன்பாடு, எல்லை, நீக்கிய காரணம் எல்லாம் சுத்தம். கடைசி வரியை மட்டும் திரும்பப் பாருங்கள்மா. 6 அடி 11 அங்குலம் விட்டால் வீடு 46 அடி 2 அங்குலம் × 26 அடி 2 அங்குலம், ஏறத்தாழ 1208 சதுர அடி. பாதியைத் தாண்டிவிட்டது.

முதல்பெஞ்ச்_பி_பிரிவு

ஓ, "குறைந்தது பாதி காலி". அப்போ மேல்பக்கமா முழுமையாக்கணும். 7 அடி விட்டா 46 × 26 = 1196. சரிதானே?

அளவுநாடா

சரி. அங்குல நாடாவில் அளந்து வைக்கவும் 7 அடிதான் வசதி.